ஓபன்எம்சில ட்ரிட்டியம் விகிதம் 1-ஐ தாண்டவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

நெல்லை_நியூட்ரான்:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு ஃப்யூஷன் ரியாக்டரோட ப்ளாங்கெட்ட (ப்ளாஸ்மாவ சுத்தி இருக்குற, எரிபொருளான ட்ரிட்டியத்த உண்டாக்குற அடுக்கு) எடுத்திருக்கேன். எங்க காலேஜ்ல இதுக்குன்னு சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது, கைட் மேடம்தான் ஓபன்எம்சின்னு நியூட்ரான் எங்க போகுது என்ன ஆகுதுன்னு கணக்குப் போடுற ஒண்ணு இருக்கு, ஓபன் சோர்ஸ், லைசென்ஸ் கேட்டு யாருக்கும் லெட்டர் எழுத வேண்டாம், இறக்கிப் பாருன்னு சொன்னாங்க. 8 ஜிபி ரேம் இருக்குற லேப்டாப்ல லினக்ஸ் போட்டு ரெண்டு நாள் மல்லுக்கட்டி இன்ஸ்டால் பண்ணிட்டேன், நியூக்ளியர் டேட்டாவையும் ஹாஸ்டல் வைஃபைல ராத்திரி பூரா ஓடவிட்டு இறக்கிட்டேன்.

மாடல் ரொம்ப சின்னது. நடுவுல ஒரு புள்ளி சோர்ஸ், சுத்தி 2 மீட்டர் ஆரத்துக்கு வெற்றிடம், அப்புறம் 3 செமீ ஸ்டீல், அதுக்கு வெளிய லித்தியம் ஈயக் கலவை, லித்தியம் 17 ஈயம் 83, லித்தியம்-6 தொண்ணூறு சதவீதம் செறிவூட்டினது. முதல்ல ஃபிஷன் ஆகுற பொருளே இல்லைன்னு எரர் வந்துச்சு, ரன் மோட ஃபிக்ஸ்டு சோர்ஸ்னு மாத்தினதும் ஓடிடுச்சு. கலவையோட தடிமன 40 செமீல ஆரம்பிச்சு 120 வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன். ட்ரிட்டியம் உற்பத்தி விகிதம் (சோர்ஸ்ல வர்ற ஒரு நியூட்ரானுக்கு எத்தனை ட்ரிட்டியம் உண்டாகுதுங்கிறது) ஏறுது ஏறுது, அப்புறம் 0.9-ஐ ஒட்டி நின்னுடுது. 1 வரலைன்னா அந்த ரியாக்டர் தன்னோட எரிபொருள தானே பண்ணிக்க முடியாதுன்னு அர்த்தம், ஆனா எல்லா பேப்பர்லயும் இதே கலவைக்கு 1-க்கு மேலதான் போட்டிருக்கு. லித்தியம் அளவு தப்பா குடுத்துட்டேனான்னு மூணு தடவை சரிபாத்துட்டேன். அடுத்த வாரம் ரிவியூ, யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கனநீர்க்காரர்:
தம்பி, கலவை சரியாத்தான் இருக்கு, லித்தியத்த சந்தேகப்படாதீங்க. நீங்க எழுதினதுலயே விடை இருக்கு. தடிமன ஏத்த ஏத்த விகிதம் ஏறி 1-க்குக் கீழ நின்னுடுதுன்னா என்ன அர்த்தம்? உள்ள போற நியூட்ரான் பெருகலைன்னு அர்த்தம். லித்தியம்-6 ஒரு நியூட்ரான முழுங்கினா ஒரு ட்ரிட்டியம் குடுக்கும், அதால முடிஞ்சது அவ்வளவுதான். வழியில நாலு நியூட்ரான் ஸ்டீல்ல போகும், சிலது வெளிய தப்பிக்கும், மிச்சம் 0.9 வரும். ஒண்ணுக்கு மேல வரணும்னா ஈயம் வேலை செய்யணும். வேகமான நியூட்ரான் ஒண்ணு ஈய அணுக்கருவ அடிச்சா ரெண்டு நியூட்ரான் வெளிய வரும், ஆனா அதுக்கு அந்த நியூட்ரான்கிட்ட சுமார் 7 எம்இவிக்கு மேல ஆற்றல் இருக்கணும். டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் சேரும்போது வர்ற நியூட்ரானுக்கு 14.1 எம்இவி, அது தாராளமா தாண்டும். உங்க மாடல்ல ஈயம் சும்மா உக்காந்திருக்குன்னா உங்க நியூட்ரான் ஃப்யூஷன் நியூட்ரானே இல்ல. சோர்ஸ்ல எனர்ஜி என்ன குடுத்தீங்க?

நெல்லை_நியூட்ரான்:
சார், இடம் மட்டும்தான் குடுத்தேன், 0, 0, 0-ன்னு. எனர்ஜி குடுக்கல. அது கட்டாயம்னா எரர் வந்திருக்கும்ல, வரலையே, அதனால கவனிக்காமலே விட்டுட்டேன்.

மெஷ்_மீனா:
அதேதான்! கனநீர் சார் ஓட்டிப் பாக்காமலே பிடிச்சிட்டார். இந்த சாஃப்ட்வேர் பிறந்தது ஃபிஷன் ரியாக்டருக்காக, 2011 வாக்குல எம்ஐடில பிஎச்டி பண்ணிட்டிருந்த பால் ரோமானோ ஆரம்பிச்சது. அதனால நீங்க எனர்ஜி சொல்லலைன்னா அது ஃபிஷன் நியூட்ரான்னு தானா எடுத்துக்கும். நான் சொல்றேன்னு நம்பாதீங்க தம்பி, கிட்ஹப்ல போய் சோர்ஸ் டாட் சிபிபிங்கிற ஃபைல திறந்து வாட்-ன்னு தேடுங்க. எனர்ஜி குடுக்கலைன்னா என்ன பண்ணணும்னு ஒரே ஒரு வரி இருக்கும், அதுல 0.988, 2.249-ன்னு ரெண்டு எண் இருக்கும். யுரேனியம் பிளக்கும்போது வர்ற நியூட்ரான்களோட ஆற்றல் பரவலுக்கான வாட் ஸ்பெக்ட்ரம் எண்கள் அது, சராசரி 2 எம்இவி சுமாருக்குத்தான் வரும். நீங்க இத்தனை நாளா ஃப்யூஷன் ப்ளாங்கெட்டுக்குள்ள ஃபிஷன் நியூட்ரான விட்டுட்டிருந்திருக்கீங்க.

நெல்லை_நியூட்ரான்:
அக்கா பாத்துட்டேன். நீங்க சொன்ன அதே ரெண்டு எண்ணு அங்க இருக்கு. எனக்கு சி++ சுத்தமா வராது, ஆனா அந்த வரி எனக்கே புரிஞ்சுது. எனர்ஜிய 14.1 எம்இவின்னு ஒரே வரி சேத்து ஓட்டினேன், 80 செமீலயே 1.3 தாண்டிருச்சு. மாடல்ல வேற எதையும் தொடல. அப்புறம் சார் சொன்னத சோதிக்க ஈயத்துல நியூட்ரான் ரெட்டிக்கிற வினைய தனியா ஒரு டேலி வச்சு எண்ணினேன், பழைய ரன்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, புது ரன்ல எக்கச்சக்கம். இத நேர்ல பாத்ததும்தான் பாடத்துல படிச்ச த்ரெஷோல்டுங்கிறது என்னன்னு புரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

கனநீர்க்காரர்:
நல்லது தம்பி. ஆனா 1.3 வந்துருச்சுன்னு ரிவியூல அப்படியே காட்டிடாதீங்க, கேப்பாங்க. உங்க கோளத்துல ஓட்டையே கிடையாது. நிஜ டோக்காமாக்ல (காந்தப்புலத்தால ப்ளாஸ்மாவ அடைச்சு வைக்கிற வளைய வடிவ ரியாக்டர்) கீழ கழிவ வெளியேத்துற டைவர்ட்டர் இருக்கு, சூடாக்குற பீம் உள்ள வர வழி வேணும், அளவுக் கருவிகளுக்கு போர்ட் வேணும், கலவைய தாங்கி நிக்க உள்ளுக்குள்ளயே ஸ்டீல் வேணும். ஒவ்வொண்ணா போட்டா விகிதம் மளமளன்னு இறங்கி 1-க்குப் பக்கத்துல வந்து நிக்கும். அதனாலதான் டிசைன் பண்றவங்க 1.05, 1.1, 1.15-ன்னு மார்ஜின் வச்சுட்டு அந்த ரெண்டாவது தசமத்துக்கு உயிர விடுறாங்க. ட்ரிட்டியத்தோட அரை ஆயுள் 12.3 வருஷம், குடோன்ல வச்சாலே வருஷத்துக்கு அஞ்சு சதவீதத்துக்கு மேல காணாமப் போயிடும். ஒரு கிகாவாட் ஃப்யூஷன் பவர ஒரு வருஷம் முழுக்க ஓட்ட 55 கிலோவுக்கு மேல வேணும். இன்னிக்கு உலகத்துல கைல இருக்குற சிவில் கையிருப்பு அதுக்கே பத்தாது, அதுவும் பெரும்பாலும் கனடாவோட கனநீர் ரியாக்டர்கள்ல வந்தது. நான் சர்வீஸ் பூரா கல்பாக்கம் பக்கம் கனநீரோட இருந்தவன், எங்களுக்கு ட்ரிட்டியம்னா வேண்டாத விருந்தாளி, டியூட்டீரியம் நியூட்ரான பிடிச்சு அதுவா உண்டாகும், வேலையாட்கள் உடம்புல ஏறாம பாத்துக்கிறதே பெரும்பாடு. அதே பொருள கிராம் கிராமா பண்ண நீங்கல்லாம் கணக்குப் போடுறத பாக்க மனசு நிறைஞ்சிருக்கு.

சோதனை_முதலில்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இந்த இழையோட முதல் பதிவே என் வாதத்துக்கு சாட்சியா இருக்கு. ஒரு மாணவர் எனர்ஜி குடுக்க மறந்தாரு, சாஃப்ட்வேர் வாயத் தொறக்கல, தப்பான விடைய ஜம்முனு குடுத்துச்சு. ஓபன் சோர்ஸ்னா யாரும் பொறுப்பு கிடையாதுங்கிறதுதான் என் கவலை. பிரான்ஸ்ல கட்டிட்டிருக்குற சர்வதேச ஃப்யூஷன் ரியாக்டர் ஐடர்ல நியூட்ரானிக்ஸுக்கு, அதாவது நியூட்ரான் கணக்குக்கு, ஆதாரக் கோடா வச்சிருக்கிறது எம்சிஎன்பி. அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல பல பத்தாண்டு உழைப்பு, அதுக்குப் பின்னாடி மலை மாதிரி சோதனைத் தரவு. ஒரு ரியாக்டர் சுவர் எவ்வளவு கனமா இருந்தா பக்கத்துல மனுஷன் நிக்கலாம்னு முடிவு பண்ற கணக்கு இது. கிட்ஹப்ல நட்சத்திரம் எத்தனைன்னு பாத்து நம்ப முடியாது.

கனநீர்க்காரர்:
சோதனை சார், உங்க கவலைய நான் மதிக்கிறேன், என் காலத்துல நானும் இதேதான் சொன்னேன். எம்சிஎன்பி இன்புட்ல ஒவ்வொரு வரியையும் இன்னிக்கும் கார்டுன்னுதான் சொல்லுவாங்க, துளை போட்ட அட்டை காலத்துப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு, அவ்வளவு பழுத்த கோடு. அதுக்கு நிகரா இன்னொண்ணு வளர நாளாகும், ஒத்துக்கிறேன். ஆனா அது அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கு. விண்ணப்பம் போடணும், அவங்க பாத்து முடிவு பண்ணணும், சோர்ஸ் கோடு எல்லார் கைக்கும் வராது. இந்தப் பையனால அதுல டிஃபால்ட் என்னன்னு ஃபைல தொறந்து பாத்திருக்க முடியுமா? ராத்திரி பதிவு போட்டு காலையில தப்ப தானே கண்ணால பாத்துட்டானே.

மெஷ்_மீனா:
சோதனை சார் சொல்ற சரிபார்ப்பு இங்கயும் நடக்குதுங்க. இத்தாலியில ஃப்ராஸ்காட்டில 14 எம்இவி நியூட்ரான் ஜெனரேட்டர் ஒண்ணு இருக்கு. ஸ்டீல், டங்ஸ்டன்னு பாளம் பாளமா அடுக்கி முன்னாடி நியூட்ரான விட்டு உள்ள ஒவ்வொரு ஆழத்துலயும் அளந்து வச்சிருக்காங்க. ஜப்பான்லயும் அந்த மாதிரி சோதனைகள் நடந்திருக்கு. அந்தத் தரவெல்லாம் சின்பாட்-ன்னு ஒரு தொகுப்புல இருக்கு, எம்சிஎன்பிய உரசிப் பாத்த அதே கல்லுல ஓபன்எம்சியையும் உரசுறாங்க. நியூக்ளியர் டேட்டாவும் பொதுதான், ஃப்யூஷனுக்குன்னே சர்வதேச அணுசக்தி முகமை ஃபெண்டில்-ன்னு தொகுத்து இலவசமா குடுக்குது.

ஆனா கவனம் வேணுங்கிறது நூத்துக்கு நூறு உண்மை, என் கதையையே சொல்றேன். முன்னாடி வேலை பாத்த இடத்துல டிசைன் டீம் குடுத்த கேட் (கம்ப்யூட்டர்ல வரையிற வடிவமைப்பு) மாடல நியூட்ரானிக்ஸுக்கு மாத்துறது என் பொறுப்பு. கேட் ஃபைல் மில்லிமீட்டர்ல இருக்கும், ஓபன்எம்சி எல்லா நீளத்தையும் சென்டிமீட்டர்னு எடுத்துக்கும். நடுவுல 0.1-ஆல பெருக்குற படி ஸ்கிரிப்ட்ல விட்டுப்போச்சு. 40 செமீ கலவை 4 மீட்டராயிடுச்சு. எரர் வரல, ஜியோமெட்ரில ஓட்டை இல்ல, ஒரு நியூட்ரான் கூட தொலையல, விகிதம் பிரமாதமா வந்துச்சு, மீட்டிங்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு, கவசத்துக்கு வெளிய இருக்குற காந்தக் காயில் இடத்துல டேலில சுத்தமா பூஜ்யம். கோடிக்கணக்குல நியூட்ரான் விட்டும் ஒண்ணு கூட அங்க வரலைன்னா எப்படி? ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டு, அச்சுல இருந்த எண்ண பாத்தேன், வயித்துல புளிய கரைச்சது. அன்னிக்கு ராத்திரியே மேலதிகாரிக்கு மெயில் போட்டு நான் விட்ட தப்புன்னு எழுதி எல்லா ரன்னையும் திரும்ப ஓட்டினேன். அதுலேர்ந்து எந்த மாடலா இருந்தாலும் முதல்ல மொத்தக் கன அளவ ஸ்கிரிப்ட்ல கணக்குப் போட்டு கேட்ல வர்ற எண்ணோட ஒப்பிட்டுட்டுத்தான் ரன் பட்டன தொடுவேன். காசு குடுத்து வாங்கின கோடா இருந்திருந்தாலும் இந்தத் தப்பு இப்படியேதான் நடந்திருக்கும்.

வடமராட்சி_வாணி:
வணக்கம், கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்கு எழுதோணும் போல இருக்கு. நான் செய்யிறது நியூட்ரான் பக்கம் இல்லை, ப்ளாஸ்மா பக்கம். முதுகலை தொடங்கேக்க வெளிநாட்டில இருந்து ப்ளாஸ்மாவில சூடும் துகளும் பரவுறதைக் கணக்கிடுற ஒரு டிரான்ஸ்போர்ட் கோட் வேணும் எண்டு விண்ணப்பிச்சனான். பேர் இஞ்ச வேண்டாம். ஃபோர்ம் நிரப்பி, துறைத்தலைவரிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பி, எட்டு மாசம் பாத்துக்கொண்டிருந்தன், ஒரு பதிலும் வரேல்லை. மறுத்தாக்கூட வேற வழி பாத்திருப்பன். அந்த எட்டு மாசம் எனக்குத் திரும்பி வராது.

பிறகு 2024 இல கூகுள் டீப்மைண்ட் டோரக்ஸ் எண்டதை ஓபன் சோர்சா விட்டவை. டோக்காமாக்கின்ர மையப்பகுதியில அயனிச் சூடு, எலக்ட்ரான் சூடு, துகள் அடர்த்தி, மின்னோட்டம் இந்த நாலும் நேரத்தோட எப்பிடி பரவுது எண்டு ஒரு பரிமாணத்தில தீர்க்கும். டர்புலன்ஸை முழுசா கணக்குப் போட வெளிக்கிட்டா சூப்பர் கொம்பியூட்டர் வேணும், அதுக்குப் பதிலா க்வாலிகிஸ் எண்ட மொடலைப் பாத்துப் பழகின ஒரு நியூரல் நெட்வேர்க்கை இதில வைச்சிருக்கினம், அதால என்ர பழைய லேப்டொப்பிலயே ஓடுது. ஜாக்ஸ் எண்ட பைத்தன் லைப்ரரியில எழுதினபடியால் எந்த உள்ளீட்டை மாத்தினா விடை எவ்வளவு மாறும் எண்டு டெரிவேட்டிவையும் சேர்த்தே தரும், எனக்கு மிச்சம் பிடிச்சது அதுதான். காந்தப்புலத்தின்ர சமநிலைக்கு ஃப்ரீஜிஎஸ், விளிம்பு ப்ளாஸ்மாவுக்கு பவுட்++, எல்லாம் இறக்கி வாசிக்கலாம். எட்டு மாசம் காத்திருந்த எனக்கு இறக்கின அண்டைக்குப் பின்னேரமே முதல் ரன் முடிஞ்சுது. ஐடர் மாதிரி உள்ளீடு உதாரணமா கூடவே வருது. வெப்பநிலைக் கோடு மெல்ல மெல்ல மேல எழும்பி நிக்கிறதைப் பாத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினனான்.

சோதனை_முதலில்:
வாணி, உங்க எட்டு மாசத்த படிச்சு நிஜமாவே வருத்தமா இருக்கு. நான் சொன்னது உங்கள மாதிரி ஆட்கள வெளிய நிறுத்தணும்னு இல்ல. ஆனா ஒரு கேள்வி, நியூரல் நெட்வொர்க் தான் பழகின எல்லைக்கு வெளிய போனா என்ன சொல்லும்? சூடு ஏறிட்டே போற இடத்துல அது தைரியமா ஒரு எண்ண குடுத்தா நீங்க எத வச்சு மறுப்பீங்க?

வடமராட்சி_வாணி:
சரியான கேள்வி அண்ணை. அந்த நெட்வேர்க் எந்த எல்லைக்குள்ள பழகினது எண்டு வெளியில எழுதிக் கிடக்கு, அதைப் பாத்து என்ர ரன் எங்க வெளியில போகுது எண்டு புள்ளி புள்ளியா குறிச்சு வைக்கிறனான். விளிம்புக்குக் கிட்ட வெப்பநிலை சட்டெண்டு ஏறுற பெடெஸ்டல் பகுதியை அது தானாக் கண்டுபிடிக்காது, நாங்கள்தான் குடுக்கோணும், அதையும் அறிக்கையில எழுதிறனான். மூடின கோடா இருந்தா இந்த எல்லையள் எனக்கு விளங்கியிருக்காது.

கனநீர்க்காரர்:
சோதனை சார், உங்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1968ல நோவோசிபிர்ஸ்க் மாநாட்டுல சோவியத் ஆட்கள் டி-3 டோக்காமாக்ல ப்ளாஸ்மா ஒரு கோடி டிகிரிய தொட்டுருச்சுன்னு சொன்னாங்க. மேற்குல பாதிப் பேர் நம்பல, அவங்க அளந்த விதம் சரியில்லைன்னாங்க. பனிப்போர் உச்சத்துல இருந்த நேரம். சோவியத் குழுவோட தலைவர் ஆர்ட்சிமோவிச் என்ன பண்ணினார், நீங்களே வந்து அளந்துக்கோங்கன்னு இங்கிலாந்து ஆட்கள கூப்பிட்டார். அங்க இருக்குற கல்ஹாம் ஆய்வகத்துலேர்ந்து ஒரு சின்னக் குழு, டன் கணக்குல லேசர் கருவிகள மூட்ட கட்டிட்டு மாஸ்கோ போயி, ப்ளாஸ்மாக்குள்ள லேசர் அடிச்சு, சிதறி வந்த வெளிச்சத்த வச்சு வெப்பநிலைய அளந்தாங்க. 1969ல ரிசல்ட் வந்துச்சு, சொன்னது சரிதான். அதுக்கப்புறம்தான் உலகம் பூரா டோக்காமாக் கட்ட ஓடினாங்க. டி-3 காரங்க கதவ சாத்திட்டு எங்க எண்ண நம்புங்கன்னு சொல்லியிருந்தா இத்தனை டோக்காமாக் வந்திருக்குமா? நீங்க கேக்குற நம்பிக்கை வந்ததே கதவ தொறந்ததாலதான்.

சோதனை_முதலில்:
இது எனக்குத் தெரியாத கதை இல்ல, ஆனா இந்தக் கோணத்துல யோசிச்சதில்ல. சரி, ஒத்துக்கிறேன், ஆனா ஒரு நிபந்தனையோட: திறந்து வச்சா மட்டும் பத்தாது, அளக்க யாராவது போகணும். அந்த மாதிரி போற ஆட்கள் எத்தனை பேர் இருக்காங்கன்னுதான் என் கேள்வி. முக்காவாசிப் பேர் இறக்கி, ஓட்டி, படம் போட்டு பேப்பர் அனுப்பிடுறாங்க.

மெஷ்_மீனா:
இது நியாயம். அதனால இந்த இழைய படிக்கிற எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்குறேன், கோடு எழுதத் தெரியணும்னு இல்ல, தப்பு பாத்தா இஷ்யூ போடுங்க, டாக்குமெண்டேஷன்ல புரியாத வரி இருந்தா திருத்தி அனுப்புங்க. டோக்காமாக் மாதிரியே காந்தத்தால ப்ளாஸ்மாவ அடைக்கிற இன்னொரு வகை, ஸ்டெல்லரேட்டர் பக்கம் நடந்தத பாருங்க. காந்தச் சுருள்கள முறுக்கி முறுக்கி வடிவம் தேடுற வேலைக்கு சிம்சாப்ட்-ன்னு ஒரு திறந்த கோடு இருக்கு, 2022ல லேண்ட்ரெமனும் பாலும் அதை வச்சு துகள்கள் தப்பிக்காத சமச்சீர இதுவரைக்கும் இல்லாத துல்லியத்துல கொண்டு வந்து காட்டினாங்க. அவங்க கோடும் உள்ளீடும் வெளிய இருந்ததால வேற எங்கயோ இருக்குற ஆட்கள் திரும்பப் போட்டுப் பாத்து மேல ஏறிப் போனாங்க.

நெல்லை_நியூட்ரான்:
அக்கா, நான் நேத்தே ஆரம்பிச்சுட்டேன். ஃபிக்ஸ்டு சோர்ஸ் மோட்ல எனர்ஜி குடுக்கலைன்னா என்ன ஆகும்ங்கிறத என்ன மாதிரி புதுசா வர்றவங்க கவனிக்கிற மாதிரி எழுதணும்னு ஒரு பத்தி தயார் பண்ணியிருக்கேன், என் இங்கிலீஷ் சுமார்தான், அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாக்க முடியுமா? இன்னொண்ணு தமிழ்லயும் எழுதிட்டிருக்கேன், இன்ஸ்டால் பண்றதுலேர்ந்து முதல் விகிதம் எடுக்குற வரைக்கும், என் ஜூனியருங்க அந்த ரெண்டு நாள் மல்லுக்கட்டவே வேண்டாம்.

ரிவியூ முடிஞ்சுது, தப்பான ரன்னையும் சரியான ரன்னையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன், மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஸ்டீலுக்கு நான் சாதா எஃகு கலவை போட்டிருந்தேன், நிஜ ப்ளாங்கெட்ல எது போடுவாங்கன்னு ஒரு சார் கேட்டார், பதில் தெரியல. கனநீர் சார், எதப் போடணும்?

கனநீர்க்காரர்:
இதுக்கு விடை உங்களுக்கு ரொம்பப் பக்கத்துலயே இருக்கு தம்பி. காந்திநகர் ப்ளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சேந்து ஐடர்ல வைக்கணும்னு திட்டம் போட்ட நம்ம சோதனை ப்ளாங்கெட்டுக்காக ஒரு ஸ்டீல் பண்ணியிருக்காங்க. குரோமியம் 9 சதவீதம், டங்ஸ்டன் 1.4, டான்டலம் 0.06. சாதாரணமா இந்த வகை ஸ்டீல்ல மாலிப்டினமும் நியோபியமும் இருக்கும், ஆனா நியூட்ரான் பட்டா நியோபியம் இருபதாயிரம் வருஷ அரை ஆயுள் இருக்குற ஐசோடோப்பா மாறிடும், அதனால அதையெல்லாம் எடுத்துட்டு டங்ஸ்டனும் டான்டலமும் போட்டாங்க. உங்க ஃபைல்ல மெட்டீரியல் வரிகள்ல இந்த மூணையும் போட்டு மிச்சத்துக்கு இரும்ப வச்சு ஓட்டுங்க. டங்ஸ்டன் நியூட்ரான கொஞ்சம் முழுங்கும், விகிதம் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. வித்தியாசம் சின்னதாத்தான் வரும், அதனால பார்ட்டிக்கிள் எண்ணிக்கைய நாலு மடங்காக்குங்க, அப்பத்தான் பிழை பாதியாகும். ரேண்டம் சீட மாத்தி ரெண்டு தடவை ஓட்டிட்டு வந்து எண்ண இங்க போடுங்க.

நெல்லை_நியூட்ரான்:
ஓடிட்டிருக்கு சார், லேப்டாப் ஃபேன் சத்தத்துல ரூம்மேட் முழிச்சுட்டான். அவனும் உக்காந்து பாத்துட்டிருக்கான்.